கடற்கரையே பட்டறை: ராமேஸ்வரத்தில் ஒரு படகு பிறந்த கதை

ராமேஸ்வரம் என்றதும் கோயில், பாம்பன் பாலம், அப்துல் கலாம் மூன்றும் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். கலாமின் 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் நிறையப் பேர். (பள்ளியில் பரிசாக வாங்கி, படிக்காமலே அலமாரியில் வைத்தவர்கள் அதைவிட நிறைய!) அந்தப் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு மரப்படகு வருகிறது. ராக்கெட் கதைக்காகப் படிப்பவர்கள் வேகமாகப் புரட்டிவிடும் இடம் அது. கொஞ்சம் நின்று பார்த்தால், தச்சுத்தொழிலைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் அதில் பெரிய பாடமே இருக்கிறது.

கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, அதாவது 1937-38 வாக்கில், தந்தை ஜைனுலாப்தீன் ஒரு பாய்மரப் படகு கட்ட ஆரம்பித்தார். அவர் தச்சர் இல்லை. பள்ளிவாசலில் இமாம், ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. உறவினர் அகமது ஜலாலுதீன் துணைக்கு வர, கடற்கரையிலேயே வேலை தொடங்கியது. (இவர்தான் பிறகு கலாமின் அக்கா சொஹராவை மணந்தவர்.) ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் திட்டம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலே போய்க்கொண்டிருந்தது. அப்படியும் படகுக்கு ஆள் இருந்தது.

சரி, படகுக்கு மரம் வேண்டுமே! ராமேஸ்வரம் மணல் தீவு. பனை உண்டு, தென்னை உண்டு, உடை மரம் உண்டு. பனையில் வெளிவட்டம்தான் வைரம், உள்ளே சோறு. வீட்டுக்குக் கைமரமாகப் போட பனையை மிஞ்ச ஆளில்லை, ஆனால் படகுக்கு வேண்டிய அகலமான பலகை அதிலிருந்து வராது. படகுக்குப் பேர்போனவை அயினி, இலுப்பை, தேக்கு போன்ற மரங்கள். அயினி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மரம். ஆக, மரம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இன்றைக்கு மின்சார ரம்பத்தில் நிமிஷத்தில் முடிகிற வேலை அன்று இரண்டு ஆள் வேலை. தடியைக் குழிக்கு மேலேயோ சாரத்தின் மேலேயோ ஏற்றி, கரியில் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போடுவார்கள். ஒருவர் தடிமேல் நிற்பார், இன்னொருவர் கீழே. நீண்ட ரம்பத்தை மேலும் கீழும் இழுக்க வேண்டும். கீழே நிற்பவர் கண்ணில் நாள் முழுக்க மரத்தூள்தான். எந்த ஊராக இருந்தாலும் மேலே நிற்பவருக்குத்தான் மரியாதை அதிகம், அது வேறு விஷயம்.

அறுத்துவிட்டால் முடிந்துவிடாது. கஷ்டமே அதற்குப் பிறகுதான்.

பச்சை மரத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். அப்படியே பலகை போட்டுப் படகு கட்டினால், காயக் காய மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், மூட்டு வாய் பிளக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது மேல்நாட்டுத் தச்சர்களின் பழைய கணக்கு. அவ்வளவு நாள் காத்திருக்க எல்லோராலும் முடியுமா? போட்ட பணம் பலகையாக அடுக்கிக் கிடக்கும்; வருமானம் ஒரு பைசா வராது. இந்த இடத்தில் கலாம் சொல்லும் ஒரு விவரம் முக்கியம். படகின் உடலுக்கும் உள் தடுப்புகளுக்கும் வேண்டிய மரத்தை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்தினார்களாம். மாதக்கணக்கைத் தீயால் குறைக்கிறார்கள்! சூடு கூடினால் பலகை வெடிக்கும், குறைந்தால் ஈரம் போகாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. ஆறு வயதுப் பையன் தினமும் அங்கே ஓடியதில் ஆச்சரியம் இல்லை.

இந்த மொத்த வேலைக்கும் மேஜை கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் தச்சர் என்றால் முதலில் மரவேலை மேஜைதான். ஜெர்மனியில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையில் கிட்டத்தட்ட 1,800 வருஷத்துக்கு முந்தைய மேஜைகளே கிடைத்திருக்கின்றன. பிரான்சில் ரூபோ என்ற தச்சர் 1769 முதல் வெளியிட்ட பெரிய நூலில் வரைந்து காட்டிய மேஜையைப் பார்த்து இன்றும் ஆட்கள் வீட்டில் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தச்சருக்குத் தரையே மேஜை, கால் விரலே பிடிப்பான். சம்மணமிட்டு, பலகையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு இழைப்புளி தள்ளுவார். படகு வேலையில் மணல்தான் எல்லாம். கீழே கட்டைகளை அடுக்கி அடிமரத்தைக் கிடத்துவார்கள். இதற்கு 'ஏரா' என்று பெயர். முன்பக்கம் அணியம் எழும்பும். பிறகு விலா எலும்பு மாதிரி வளைவுச் சட்டங்கள். இதற்குக் கருவேலத்தில் இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பது இந்தக் கரையோர வழக்கம். நேர் மரத்தை வளைவாக வெட்டினால் நார் அறுந்துபோகும். வளைந்தே வளர்ந்த கிளையில் நாரும் கூடவே வளைந்து ஓடும், உடையாது. கடைசியில் பலகை இடுக்குகளில் பஞ்சோ கயிற்று நாரோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள்.

படகு மிதந்தது. தொழிலும் நன்றாகவே போனது.

பிறகு புயல் வந்தது. மணிக்கு 100 மைலுக்கு மேல் அடித்த காற்றில் படகு போயிற்று, சேதுக்கரையின் நிலத்திலும் ஒரு பகுதி போயிற்று என்று கலாம் எழுதுகிறார். (தனுஷ்கோடியைத்தான் அவர் சேதுக்கரை என்கிறார். திருப்புல்லாணிப் பக்கம் இருக்கும் சேதுக்கரை வேறு.) அதே பத்தியில், பயணிகள் நிறைந்த ரயிலோடு பாம்பன் பாலம் இடிந்தது என்றும் வருகிறது. ஆனால் ஒரு ரயிலே பயணிகளோடு அலையில் போன சம்பவம் நடந்தது 1964 டிசம்பர் 22 இரவு. இடமும் பாலம் கிடையாது, தனுஷ்கோடிக்கு அருகே. இரண்டு புயல்கள் ஒரே நினைவாகக் கலந்திருக்கலாம். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குப் புயல்கள் அப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் இது சாதாரண நஷ்டம் இல்லை. தேய்மானம் என்றால் வருஷா வருஷம் கொஞ்சம் எழுதலாம். இங்கே முழு முதலும் ஒரே ராத்திரியில் பூஜ்ஜியம். மரம், அறுப்புக்கூலி, காய வைத்த நாட்கள், இரண்டு குடும்பத்து உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படகு. இருந்தும் ஜைனுலாப்தீன் தொழிலை விடவில்லை. கொஞ்ச காலத்தில் இன்னொரு படகு வந்தது, யாத்ரீகர்களும் வந்தார்கள்.

இனி ஒரு வேடிக்கை. அந்தப் பையன் வளர்ந்து, 1960களில் தும்பாவில் ராக்கெட்டுக்காகக் கையில் எடுத்த பொருள்களில் ஒன்று கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். தும்பாவுக்கு வந்த பிரதமர் இந்திரா காந்தி, அவர்கள் கூடத்தில் இழை சுற்றும் இயந்திரம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதே வகைப் பொருள் 'ஃபைபர் போட்' என்ற பெயரில் தமிழகக் கரை முழுக்கப் பரவியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றிலும் இவைதான் அதிகம் தெரிந்தன. இழையைப் பிசினில் நனைத்து அச்சில் அடுக்கினால் சில நாட்களில் படகு. மரம் தேட வேண்டாம், அறுக்க வேண்டாம், தீ மூட்டிக் காவல் இருக்கவும் வேண்டாம். மரப்படகுகள் மேலேயே ஃபைபர் போர்த்துகிறார்கள். சௌகரியம்தான். ஆனால் அச்சு வைத்திருக்கும் கம்பெனியிடம் போய்த்தான் ஆக வேண்டும். வீட்டு ஆட்கள் இருவர் கரையில் உட்கார்ந்து கட்டுகிற பொருளாக அது இல்லை.

2017 ஜூலை 27 அன்று ராமேஸ்வரம் அருகே பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அன்றே மீனவர்களுக்கு ஆழ்கடல் தூண்டில் படகுகளுக்கான அனுமதிக் கடிதங்களும் கொடுக்கப்பட்டன. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன். மீதி 10 சதவீதம், அதாவது 8 லட்சம், மீனவர் கையிலிருந்து.