இருபத்துநான்கு என்னும் எண்

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் பெற்றது 1739-ஆம் ஆண்டில். அப்பொழுது வடக்கே தரங்கம்பாடியில் டேனியர் இருந்தனர். தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். 1749-இல் கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையை ஆங்கிலேயரும் பிடித்துக்கொண்டனர். காவிரிக் கழிமுகத்தின் இச்சிறு கடற்கரையில் நான்கு நாட்டாரின் பீரங்கிகள் நின்றன. அவர்களுடைய போர்களைப் பற்றி நேயர்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று கூற விரும்புவது அவர்களுடைய ஆயுதக் கிடங்கைப் பற்றி.

அக்காலத்தில் பீரங்கியின் பெயர், அது எறியும் இரும்புக் குண்டின் எடையே. இருபத்துநான்கு இராத்தல் குண்டை எறிவது 'இருபத்துநான்கு'. பிரான்சில் 1732-இல் வலியேர் என்னும் தளபதி வகுத்த முறைப்படி, நிலப்படைப் பீரங்கிகள் 4, 8, 12, 16, 24 என ஐந்தே அளவுகளாயின. பெரிய சீர்திருத்தந்தான். ஆனால் எந்த நாட்டு இராத்தல்? பிரெஞ்சு இராத்தல் ஏறத்தாழ 490 கிராம். ஆங்கில இராத்தல் 454 கிராம். ஆகையால் பிரெஞ்சுக்காரரின் 24 இராத்தல் குண்டு ஆங்கிலேயருடைய தராசில் ஏறத்தாழ 26 இராத்தல். பருமனும் அதற்கேற்ப மிகுதி. அதே எண் தாங்கிய ஆங்கிலப் பீரங்கியின் வாயில் அது நுழையாது. வலிந்து நுழைத்தால் இடையிலே சிக்கும். ஆங்கிலக் குண்டோ பிரெஞ்சுப் பீரங்கியில் எளிதில் உருண்டு இறங்கும். ஆனால் சுற்றிலும் உள்ள இடைவெளியில் வெடிமருந்தின் விசை கசிந்து, குண்டு போகவேண்டிய தொலைவு போகாது.

1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர். புதுச்சேரி முற்றுகை அதன்பின் தொடர்ந்தது. பகைவனிடம் பிடித்த பீரங்கியைப் பிடித்தவன் பயன்படுத்திக்கொள்வது அந்நாளைய வழக்கம். கிடங்குக் கணக்கன் இரண்டு நாட்டுக் குண்டுகளையும் 'இருபத்துநான்கு' என்று ஒரே பத்தியில் எழுதிவிட்டால், கூட்டல் சரியாகவே வரும். ஏட்டில் பிழை தெரியாது. தெரிவது பீரங்கியின் அருகே நிற்பவனுக்கு.

பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதியவர்க்கு இது புதிதன்று. ஒரு வகுப்பில் மூன்று சுப்பிரமணியன்கள் இருந்தால் பெயர் உதவாது. வரிசை எண்ணே வேண்டும்.

அவ்வெண்ணைப் படைக்கலங்களுக்கு முறையாக இட நெடுங்காலமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் ஒரே உறுப்பை வெவ்வேறு எண்களால் குறித்து வந்தன. ஓரிடத்தில் குவிந்து கிடந்த பொருள் மற்றோரிடத்தில் 'இல்லை' எனப்பட்டது. 1952-இல் அந்நாடு இதற்கெனச் சட்டமியற்றி, ஒரு பொருளுக்கு ஒரே எண் என்று விதித்தது. பின்னர் நேட்டோ நாடுகளும் அவ்வழியை ஏற்றன. இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தரப்படுத்தல் இயக்ககம் 1962-இல் அமைந்தது.

இன்று வழங்குவது பதின்மூன்று இலக்க எண். முதல் நான்கு பொருளின் வகுப்பு. அடுத்த இரண்டு எண்ணிட்ட நாடு, இந்தியாவுக்கு 72. எஞ்சிய ஏழு இலக்கங்களுக்குப் பொருளே இல்லை என்பதுதான் இதன் நுட்பம். அளவு, எடை, உலோகம் யாவும் பதிவேட்டில் இருக்கும். எண் அந்தப் பக்கத்தைத் திறக்கும் சாவி மட்டுமே. இம்முறை அன்றிருந்தால், காரைக்கால் குண்டும் தேவிக்கோட்டைக் குண்டும் இருவேறு எண்கள் பெற்றுத் தனித்தனி அடுக்கில் கிடந்திருக்கும்.