சத்தியவேடு எல்லைப்புறமும் செங்கல்பட்டு மாவட்ட ஊர்ப்புறப் பொதுப்பள்ளிகளும்

முன்னுரை

சத்தியவேடு இன்று ஆந்திர மாநிலத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022இல் அம்மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் 1960 ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன்னர் அது சென்னை மாநிலச் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடவெல்லைப் பகுதியாகும். எனவே காலனியாட்சிக் காலத்தில் இப்பகுதியில் பள்ளிகள் நடைபெற்ற முறையை அறிய விழைவோர், சித்தூர் மாவட்ட ஆவணங்களைவிடச் செங்கல்பட்டு மாவட்ட வரலாற்றையும் சென்னை மாகாணக் கல்விச் சட்டங்களையுமே முதன்மையாக நாட வேண்டியுள்ளது.

ஊர்ப்புறத்தில் ஒரு பள்ளி 'பொதுப்பள்ளி' ஆவதற்கு மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டியிருந்தது. அதற்குப் பொருள் தருவோர் யார்? அது ஊரின் எப்பகுதியில் நிற்பது? எம்மொழியில் கற்பிப்பது? இவற்றுள் முதல் வினாவை ஊராரின் இசைவுக்கே அரசு நெடுங்காலம் விட்டுவைத்தது. அதனால் இரண்டாம் வினாவிற்கு நேர்மையான விடை கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திண்ணைப் பள்ளியும் மன்றோவின் கணக்கும்

சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குகளைக் கேட்டார். அவற்றைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவர்களுள் சிறுவர் 1,84,110. சிறுமியர் 4,540 பேர் மட்டுமே. மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் பயின்றார் என்பது மன்றோவின் கணிப்பு. வீடுகளில் கற்போரையும் கூட்டினால், கற்கும் பருவத்துச் சிறுவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றனர் என்றும் அவர் கருதினார்.

இப்பள்ளிகள் பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளே. பெற்றோர் தரும் மாதச் சம்பளமே ஆசிரியரின் வாழ்வாதாரம். பொதுவாக அவர் மாதத்திற்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என மன்றோ குறிப்பிடுகிறார். பல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்பெல் 1823இல் எழுதிய மடலில், மக்களின் வறுமையால் பள்ளிகள் நலிந்துவருவதை எடுத்துரைத்தார். ஆங்கில ஆடைகளின் வரவால் நெசவாளர் தொழிலிழந்தமையையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினார். பெற்றோரின் வருவாயைச் சார்ந்த பள்ளி அவ்வருவாயோடு சேர்ந்தே தேயும் என்பது இதனால் புலனாகிறது.

மன்றோ முன்வைத்த தீர்வு அரசுச் சம்பளமாகும். மாவட்டந்தோறும் இரண்டு தலைமைப் பள்ளிகளும் தாசில்தாரின் ஆட்சிப் பகுதிதோறும் ஒரு பள்ளியும் அமையவேண்டும். முன்னவற்றின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் பின்னவற்றின் ஆசிரியருக்கு 9 ரூபாயும் தரவேண்டும் என்றார். புத்தகச் சங்கத்திற்கான தொகையும் சேர்த்து மாகாணம் முழுமைக்கும் ஆண்டுச் செலவு 48,000 ரூபாய் எனக் கணக்கிட்டார். 1827இல் மன்றோ மறைந்தார். அவர் வகுத்த தாசில்தாரிப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன. ஊர்ப்பள்ளியைப் பேணும் பொறுப்பு மீண்டும் ஊராரிடமே சென்றது.

வரியும் மானியமும்

1854ஆம் ஆண்டு உட்டு அறிக்கைக்குப் பின்னர், 1855இல் பொதுக்கல்வித் துறை தோன்றியது. அதே காலத்தில் கோதாவரிப் பகுதியில், நிலவரியுடன் ஒரு சிறு தொகையைக் கூடுதலாகச் செலுத்தி ஊரார் பள்ளிகளை நடத்திய முயற்சி அதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தது. அதனைப் பின்பற்றி 1863இல் சென்னைக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. ஊரார் இசைந்தால் பள்ளி வரி விதிக்கலாம் என்பது அதன் அடிப்படை. வரி செலுத்தும் வசதியுடையோர் இசைந்தால்தான் வசதியற்றோர்க்கும் பள்ளி என்னும் நிலையை அச்சட்டம் உண்டாக்கியது. எதிர்பார்த்த பயனும் விளையவில்லை.

1868 முதல் தேர்ச்சிக்கேற்ற மானியமுறை சென்னை மாகாணத்தில் பரவியது. ஆய்வாளர் வரும் நாளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மாணவர் பெறும் தேர்ச்சியை எண்ணி ஆசிரியருக்குத் தொகை வழங்கப்பட்டது. திண்ணைப் பள்ளி ஆசிரியரை அரசுக் கல்வியமைப்பினுள் கொண்டுவந்தது இம்முறையின் நன்மையாகும். எனினும் விரைந்து தேறக்கூடிய பிள்ளை ஆசிரியருக்கு வருவாயாகவும், அறுவடைக் காலத்தில் வயலுக்குச் சென்று பாடத்தில் பின்தங்கும் பிள்ளை இழப்பாகவும் மாறிய நிலை இதன் மறுபக்கமாகும்.

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டமும் நிலத்தீர்வையின் மேல் விதித்த வரியிலிருந்து சாலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றிற்குச் செலவிட வழிசெய்தன. 1884க்குப் பின் மாவட்ட வாரியமும் வட்ட வாரியமும் பள்ளிகளை நடத்தத் தொடங்கின. ஊர்ப்பள்ளிக்கு நிலையான ஒரு நிதியூற்று இவ்வாறு பிறந்தது. ஆயினும் வாரியங்களில் அமர்ந்தோர் பெரும்பாலும் நிலவுடைமையாளரே. சாலைக்கும் பள்ளிக்கும் இடையே நிதியைப் பங்கிடுகையிலும் பள்ளிக்குரிய இடத்தைத் தேர்கையிலும் அவர்தம் குரலே ஓங்கியிருந்தது.

பள்ளி நின்ற இடம்

பள்ளியின் இடம் ஊர்ப்புறத்தில் வெறும் நிலப்பிரச்சினை அன்று. கோயிலின் அருகிலோ மேல்சாதியார் தெருவிலோ பள்ளி அமைந்தால் சேரிப் பிள்ளைகள் அங்குக் கால்வைக்க இயலாது. வாரியப் பணத்தில் நடந்தாலும் அது பொதுப்பள்ளி ஆவதில்லை.

இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்ததில் செங்கல்பட்டு மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. அம்மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை, நிலமின்மை, அடிமைநிலைக்கு ஒப்பான கடன் ஆகியவற்றோடு கல்வியின்மையையும் அரசின் முன் வைத்தது. தொடர்ந்து 1893இல் வெளியான கல்வி அரசாணை, பஞ்சமர் எனப்பட்டோரின் குடியிருப்புகளில் தனிப்பள்ளிகள் அமைக்கவும், அவற்றுக்குப் புறம்போக்கு நிலம் வழங்கவும், அச்சமூகத்தாரை ஆசிரியப் பயிற்சிக்கு ஈர்க்க உதவித்தொகை தரவும் வழிவகுத்தது. ஊராரின் இசைவுக்குக் காத்திராமல் அரசு தானே செலவிட முன்வந்தமை இங்கு நோக்கத்தக்கது.

தனிப்பள்ளி ஒரு வாயிலைத் திறந்தது. பொதுப்பள்ளியின் வாயில் அடைபட்டே இருந்தது. பொதுநிதியில் நடக்கும் பள்ளிகளில் எச்சாதிப் பிள்ளையையும் மறுத்தலாகாது, யாவரும் அணுகக்கூடிய இடத்திலேயே பள்ளி அமையவேண்டும் என்னும் கொள்கையை 1919ஆம் ஆண்டின் அரசாணை வலியுறுத்தியது. ஆணை பிறந்த அளவில் வழக்கம் மாறிவிடவில்லை. ஊராரின் எதிர்ப்பு தொடர்ந்தமையால் தொழிலாளர் துறை நடத்திய தனிப்பள்ளிகள் மேலும் வளர்ந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம் இதுவேயாகும்.

1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. மாவட்டக் கல்வி மன்றங்கள் அமைந்தன. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கலாம். அதற்கு ஈடான தொகையை அரசு தரும். அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியையும் புகுத்தலாம். ஆயினும் தொடங்கவேண்டியது உள்ளாட்சியே என்பதால், 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'இசைவு' வேறு வடிவில் நீடித்தது எனலாம்.

இருமொழி எல்லை

சத்தியவேடு போன்ற எல்லைப்புறத்தில் மூன்றாம் வினாவும் எழுந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி அது. திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் அறிந்த மொழியே பள்ளியின் மொழி. வாரியப் பள்ளியிலோ பாடநூல், ஆசிரியப் பயிற்சி, ஆய்வு ஆகிய யாவும் ஒரு மொழியைக் குறித்தே இயங்குவன. ஆதலால் மொழியைத் தேர்தல் ஆட்சிமுடிவாக மாறியது.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. சத்தியவேடு சென்னை மாநிலத்திலேயே நின்றது. பின்னர்ப் படாஸ்கர் பரிந்துரைப்படி 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தால் திருத்தணிப் பகுதி சென்னைக்கும் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்கும் வந்தன. பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்க, பள்ளிகள் மாநிலம் மாறின. சத்தியவேட்டில் தமிழ்ப் பிள்ளைகளும் திருத்தணியில் தெலுங்குப் பிள்ளைகளும் சிறுபான்மையராயினர். தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யவேண்டும் எனக் கூறும் அரசியலமைப்பின் 350அ உறுப்பு 1956இலேயே சேர்க்கப்பட்டிருந்தது. எனினும் உறுப்பின் சொல்லைப் பள்ளியில் நிறைவேற்றுவோர், அம்மொழி அறிந்த ஓர் ஆசிரியரும் உரிய காலத்தில் வந்துசேரும் ஒரு பாடநூலுமே ஆவர்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பெற்றோரின் கூலியைச் சார்ந்த பள்ளி வறுமையில் தேய்ந்தது. ஊராரின் இசைவைச் சார்ந்த பள்ளி வசதியுடையோர் விருப்பிற்கேற்ப நின்றது. தேர்ச்சியைச் சார்ந்த மானியம் பின்தங்கிய பிள்ளையைப் புறந்தள்ளியது. 1893, 1919 ஆகிய ஆண்டுகளின் ஆணைகளில், எவர் மறுப்பினும் பள்ளி உண்டு என அரசு பொறுப்பேற்ற அளவிற்கே 'பொது' என்னும் சொல் பொருள் பெற்றது.

வாரியப் பதிவேடுகளும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும் இரு மாநிலங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. எல்லை மாறிய பகுதிகளின் பதிவேடுகளுக்குத் தம்முடையவை என உரிமை கோருவோர் எளிதில் அமைவதில்லை. பழைய ஊர்ப்பள்ளிகளின் பதிவேடுகளைத் தமிழும் தெலுங்கும் அறிந்த ஆய்வாளர் இணைந்து தொகுப்பது உடனடித் தேவையாகும். எந்தத் தெருப் பிள்ளை எந்த ஆண்டில் முதன்முதலாகப் பள்ளிக்குள் நுழைந்தது என்பதை அவையே கூறவல்லன.