மட்டாஞ்சேரி மிளகும் மலைநாட்டுக் கஞ்சியும்

மட்டாஞ்சேரி மிளகின் வரலாற்றை எழுதுவோர் 1498-இல் கோழிக்கோட்டுப் பகுதியில் வந்திறங்கிய வாஸ்கோடகாமாவில் தொடங்கி, 1957-இல் கொச்சியில் ஏற்பட்ட முன்பேர வாணிகத்தில் முடிப்பர். கொடி வளர்த்தவரைப் பற்றி ஒரு வரியும் இராது. ஊர்விட்டு வாழும் நாமாவது அவர்களை அறிதல் தகும். அவர்களுட் பலர் குடியேறியவர்களே.

சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் திருவிதாங்கூரிலிருந்து மலபாருக்கும் இடுக்கி மலைகளுக்கும் சென்ற உழவரிடம் கூலிக்குப் பணமில்லை. ஆதலின் ஒருவர் தோட்டத்தில் அயலார் யாவரும் கூடி உழைத்தனர். மாற்றாள்பணி என்று அதற்குப் பெயர். இடவப்பாதி மழைக்குமுன், மிளகு படரும் முருக்க மரங்களின் கிளைகளைக் கழித்தாக வேண்டும். நிழல் மிகுந்தால் காய்ப்புக் குன்றும். நண்பகலில் தோட்டத்துக்குரியவர் வீட்டில் கஞ்சியும் பயறும். மறுநாள் எவர் தோட்டம் என்பதும் அப்பந்தியிலேயே முடிவாயிற்று.