வலி நேரத்துத் துணை

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி போன்ற மணல் திட்டில் நள்ளிரவில் இடுப்பு வலி கண்டால் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி எட்டாத தூரம். மருத்துவச்சிதான் கதி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அவள் நாவிதர் குலத்துப் பெண். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை. கூலியாக நெல்லும் புடவையும் கொடுத்தார்கள். மரியாதையை மட்டும் அளந்து கொடுத்தார்கள்.

மதராஸில் 1844இலேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் கோஷா என்னும் பர்தா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் சாதி இந்துப் பெண்களும் ஆண் டாக்டர் தொடுவதைவிட வீட்டிலேயே செத்துப்போகத் துணிந்தார்கள். இதைக் கண்டு வருந்திய ஆங்கிலேய வக்கீலின் மனைவி மேரி ஷார்லீப், 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885இல் சாதி, கோஷா பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். பெயரிலேயே சாதி இருப்பது இன்று உறுத்தும். சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பெயரில் இடமும் இல்லை. ஆனாலும் பெண்களின் கூச்சத்தை அறியாமை என்று ஏசாமல், அதற்கேற்ப ஆஸ்பத்திரியை மாற்றிய முயற்சி அது. கஸ்தூரிபா காந்தி என்று பெயர் மாறிய பிறகும் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

வடசென்னைக்கு ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. மீனவர், துறைமுகக் கூலிகள் வீட்டுப் பெண்கள் பலருக்கும் பிள்ளைப்பேறு அங்கேதான்.

ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியபோது உயிர்கள் தப்பின. ஆனால் பிள்ளை பெறுபவள் உள்ளே தனியாக, அவள் அம்மா வெளித் திண்ணையில். 1995இல் சென்னைக் குப்பத்துப் பெண்களிடம் பேசிய மானுடவியலாளர் செசிலியா வான் ஹாலன் எழுதியதில் இந்தத் தனிமையும் உண்டு. 2004இல் தமிழ்நாடு அரசு தன் மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்குக் கதவைத் திறந்தது. மத்திய அரசு அதே வழிக்கு வர 2016 ஆனது. அமெரிக்காவில் 'டூலா' என்ற கிரேக்கச் சொல்லால் தனித் தொழிலாகவே வளர்ந்திருப்பது நம் வீட்டு அத்தைகள் சம்பளமில்லாமல் செய்த வேலைதான். 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவைப் பார்த்து, தொடர்ந்து துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்றது.

மத்திய அரசின் அந்த 2016 விதிப்படி துணைக்கு வருபவள் பிள்ளை பெற்ற அனுபவமுள்ளவளாக இருக்க வேண்டும். மறைவு இருக்கும் அறைகளில் மட்டுமே கணவனுக்கு இடம்.

இந்த விதி, பக்கத்தில் அம்மா இருக்கும் பெண்ணை நினைத்து எழுதப்பட்டது. இன்று காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்திலும் அனல்மின் நிலையங்களிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார், வங்கத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த குடும்பத்து ஒடியாப் பெண்ணுக்குத் தாய்வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். "முக்கும்மா, நல்லா முக்கு" என்று நர்ஸ் சொன்னால் அது அவள் காதில் வெறும் சத்தம். அடுத்த கொட்டகையில் பிள்ளை பெற்ற ஊர்க்காரி ஒருத்தி இருந்தால் அவள்தான் அம்மா, மருத்துவச்சி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம். அதற்காக அவள் அன்றைய கூலியை இழப்பாள்.