துரையின் துவக்குகளும் மன்னார்க் காடும்

வேட்டைக்குப் புறப்படுகிறவன் எல்லாவற்றுக்குமாக ஒரே துவக்கைத் தோளில் மாட்டிச் செல்வதா, அன்றி மானுக்கொன்று யானைக்கொன்று என வெவ்வேறு குழலளவுள்ள பலவற்றைக் கொண்டு செல்வதா? பொழுதுபோக்காளரின் வீண் வாதமாகத் தோன்றும் இக்கேள்வியை மன்னார்ப் பெருநிலத்துக் காடுகளில் வைத்து ஆராய்வோமானால், அது வேறொரு கேள்வியாக உருமாறி விடுகிறது. அத்தனை துவக்குகளையும் சுமந்தவன் யார்?

துவக்கின் ஆதிக்கத்துக்கு முன்னரே இக்காடுகளில் யானை தேடப்பட்டது. வன்னிமைகள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தின. பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம் யானைபிடிகாரர், தோலைத் திரித்துச் செய்த கயிறு ஒன்றையே கருவியாகக் கொண்டு காட்டுயானையின் பின்னங்காலில் சுருக்கிட்டனர். 1859-இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட எமர்சன் தெனன்ட் இவர்களின் துணிவை வியந்து எழுதியிருக்கிறார். அன்று உயிருள்ள யானைதான் விலைபோயிற்று. கொன்று குவிப்பதில் எவருக்கும் ஆதாயம் இருக்கவில்லை.

மன்னார் 1795-இல் ஆங்கிலேயர் வசமானது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் யானை ஒரு பீடையாகக் கருதப்பட்டு, அதன் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி நிர்ணயிக்கப்பட்டது. 1848-க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டதாகத் தெனன்ட் கூறுகிறார். மேஜர் ரொஜர்ஸ் தம் வாழ்நாளில் கொன்றவை 1,400-க்கு மேல் என்பதும் அவர் தரும் கணக்கே. தெரு ஆணையாளராயிருந்த ஸ்கின்னரும் நூற்றுக்கணக்கில் சுட்டவர். ஆனால் ‘வீரர்களின்’ கணக்கு முழுவதையும் கூட்டினாலும் 3,500 என்ற தொகையை அவ்வளவு குறுகிய காலத்தில் எட்டுவது அரிது. எஞ்சியவற்றைச் சுட்டவர்கள் நூல் எழுதாதவர்கள். சில ஷில்லிங்குக்காகக் காடேறிய ஏழைக் குடியானவர்கள் என்றே நாம் கொள்ள வேண்டியிருக்கிறது.

நூல் எழுதியவர்களில் தலையாயவர் சாமுவேல் பேக்கர். 1845-இல் வேட்டைக்கென்றே இலங்கை வந்து, பின்னர் நுவரெலியாவில் குடியேறியவர். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்றவரும் இவரே. 1855-இல் வந்த அவருடைய நூலில் நமது அரிப்புக் கரையும் முத்துக்குளிப்பும் இடம்பெறுகின்றன. அதற்கு முந்திய ஆண்டு வெளியான வேட்டை நூலிலேதான் துவக்குகளின் பட்டியல் இருக்கிறது: 21 இறாத்தல் நிறையுள்ள ஒற்றைக்குழல் ஒன்று, 16 இறாத்தலில் நீண்ட ஒற்றைக்குழல் ஒன்று, ஒவ்வொன்றும் 15 இறாத்தலான இரட்டைக்குழல் நான்கு. ஈயமும் வெடிமருந்தும் சேராமலே 97 இறாத்தல்!

இவ்வளவையும் வைத்திருந்த அதே மனிதர் பிறருக்குக் கூறிய அறிவுரை வேறு. இலங்கைக்கு நான்கு இரட்டைக்குழல் ரைபிள்கள் போதும்; ஆனால் நான்கும் ஒரே குழலளவு உடையனவாக இருத்தல் வேண்டும், இல்லையேல் மருந்தடைக்கும்போது குழப்பம் நேரும் என்றார். இதில் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அக்காலத் துவக்கின் குண்டு எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. ஓர் இறாத்தல் ஈயத்தில் பத்துக் குண்டு வார்த்தால் அது பத்தாம் இலக்கக் குழல். வாய்ப்புறமாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து, கேப்பைப் பொருத்தி முடிப்பதற்குள் காயப்பட்ட யானை மேலே பாய்ந்து விடும். ஆதலால் துரையின் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நின்று, நிரப்பிய துவக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்ட வேண்டும். பதற்றத்தில் பத்தாம் இலக்கக் குண்டைப் பன்னிரண்டாம் இலக்கக் குழலில் திணித்தால், அது பாதிவழிகூடப் போகாது. விதி வகுத்தவர் துரை. அவ்விதியில் அவர் உயிர் தொங்கியது துவக்குத் தூக்கியின் கைவிரல்களில். நிரப்பிய துவக்கை ஏந்தி யானைக்கு முன்னே நின்றாலும் அதைச் சுடும் உரிமை அந்த மனிதனுக்கு இல்லை. அவன் பின்வாங்கினால் கோழை என்ற பெயர் மாத்திரம் ஏட்டில் ஏறியது.

அதே ஆண்டுகளில், அதே காட்டினூடே, வேறொரு கூட்டமும் நடந்து கொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களை நோக்கிச் சென்ற தொழிலாளர் அவர்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர் எத்தனையோ பேர். துவக்கு ஒன்றா பலவா என்ற கேள்வி அவர்களுக்கு எழவேயில்லை.

மன்னார், வன்னிக் குடியானவனுக்கு அக்கேள்விக்கு விடை வறுமையிலேயே அமைந்து விட்டது. அவனுக்கு வாய்த்தது ஓர் இடியன் துவக்கு. குழலில் வரிப்பள்ளம் கிடையாது. ஆகவே எதையும் ஏற்கும். புறாவுக்குச் சன்னம், வயலில் இறங்கும் பன்றிக்குப் பெருங்குண்டு. ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்ற இலட்சியத்தைத் துப்பாக்கிக் கம்பனிகளுக்கு முன்பே அவன் எட்டியிருந்தான் எனலாம்!

பின்பு பின்புறம் நிரப்பும் துவக்கும் புகையற்ற மருந்தும் வந்தன. 1898-இல் லண்டன் றிக்பி கம்பனி .450 அங்குல யானை ரைபிளை வெளியிட்டது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவிலும் சூடானிலும் .450 தடைசெய்யப்பட்டது. காரணம் யானையன்று, பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவ ரைபிளின் குழலளவும் அதுவே. துரைமாரின் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம். உடனே .465, .470 எனப் புதிய அளவுகள் முளைத்தன. வேட்டை நூல்கள் நுட்ப வளர்ச்சியாக விளக்கும் அந்தப் பன்மையில் ஒரு பகுதி, அடிமைப்பட்ட மக்களைக் கண்டு ஆட்சியாளர் கொண்ட பயத்தின் குழந்தை.

இலங்கையில் 1916-இன் சுடுபடைச் சட்டம் துவக்கை அனுமதிப்பத்திரத்துள் அடக்கிற்று. 1937-இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திற்று. கட்டுக்கரைக்குளம் 1954-இல் சரணாலயமாயிற்று. காட்டை வெறுமையாக்கிய துரைமார் அதற்கு முன்பே கப்பலேறி விட்டனர். சட்டத்தின் முன் நின்றவன் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க முயன்ற கமக்காரன். 1983 முதல் 2009 வரை நீடித்த போரோ துவக்கு என்ற சொல்லின் பொருளையே மாற்றி விட்டது. இன்றும் நாட்டின் காட்டோரங்களில் கட்டுத்துவக்கு வைக்கப்படுகிறது. பன்றிக்கென்று கட்டிய கம்பியில் யானையின் கால் படுகிறது. சில வேளை, விறகுக்குப் போன மனிதனின் காலும் படுகிறது.