மெர்சிடிஸ் பறந்த கதை

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ரிலீசுக்கு முந்தின ராத்திரி ஒரு பேட்ச் போட்டுட்டு, சாமியைக் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போற பொழப்பு நம்மளோடது. இதுவும் ஒரு பேட்ச் கதைதான். என்ன, இதுல மாட்டிக்கிட்டது மனுஷ உயிர்.

ரேஸ் கார் மூக்குக்குக் கீழ தரையை ஒட்டி ஒரு தகடு நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுக்குப் பேர் ஸ்ப்ளிட்டர். மேல தேங்குற காத்து அதை அமுக்கும். கீழ சந்துல காத்து வேகமா ஓடுறதால அங்க அழுத்தம் குறையும். மூக்கு ரோட்டோட ஒட்டிக்கும். ஆனா மூக்கு லேசாத் தூக்கி காத்து கீழ புகுந்துட்டா, தட்டையான அடிப்பாகம் மொத்தமும் விமான இறக்கை ஆயிடும். முன்னாடி போற கார் காத்தைக் கலைச்சுட்டா இன்னும் மோசம், பின்னாடி வர்ற காரோட மூக்கை அமுக்க ஆளே இருக்காது.

1999 ஜூன், பிரான்ஸ், லெ மான் 24 மணி நேரப் பந்தயம். மெர்சிடிஸ் மூணு சிஎல்ஆர் கார்களோட வந்துச்சு. சக்கரங்களைத் தாண்டி முன்னாடியும் பின்னாடியும் உடம்பு நீளமா நீட்டிக்கிட்டு இருக்கும், சீசா மாதிரி. வியாழக்கிழமை தகுதிச் சுற்றுல மார்க் வெப்பர் ஓட்டின கார் மல்லாந்து பறந்துச்சு. சனிக்கிழமை காலைல, பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னாடி, அதே வெப்பர் மறுபடியும் பறந்தார்!

அந்தக் காரை விலக்கிட்டாங்க. மத்த ரெண்டுக்கும் மூக்குப் பக்கம் சின்னச் சின்னத் தகடு ஒட்டி, "முன்னாடி போற காரை ரொம்ப நெருங்காதீங்க"ன்னு டிரைவர்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க. பந்தயத்துல நெருங்காம எப்படிங்க முந்துறது?

அன்னிக்குச் சாயங்காலமே பீட்டர் டம்ப்ரெக் ஒரு டொயோட்டாவுக்குப் பின்னாடி போகும்போது, நேரடி ஒளிபரப்புல உலகமே பார்க்க, கார் கரணமடிச்சுத் தடுப்பைத் தாண்டி மரங்களுக்குள்ள விழுந்துச்சு. பெரிய காயமில்லாம தப்பிச்சார். மிச்சமிருந்த காரை உடனே உள்ள கூப்பிட்டுட்டாங்க.

1955ல இதே லெ மான்லதான் ஒரு மெர்சிடிஸ் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சு 80 பேருக்கு மேல செத்தாங்க. அந்த வரலாறு இருக்குற கம்பெனி, ரெண்டு தடவை கார் பறந்த பிறகும் கிளப்பிட்டு வந்து நின்னதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகல. (ராத்திரி பேட்ச் போடுற நான் ரொம்பப் பேசவும் முடியாது, அது வேற.)

மெர்சிடிஸ் அப்புறம் 2000ல ஜெர்மனியோட டிடிஎம் பந்தயத்துக்குப் போயிடுச்சு. லெ மான் புரோட்டோடைப் கார்களுக்கு 2012ல இருந்து, காத்து வெளியேற சக்கரங்களுக்கு மேல பெரிய ஓட்டை கட்டாயமாச்சு. வெப்பர் 2014ல திரும்ப லெ மானுக்கு வந்தார். போர்ஷே கார்ல.