கண்டனம்

கண்டனம் என்பது ஒருவரது செயலையோ கருத்தையோ ஏற்க இயலாது எனக் காரணம் காட்டி வெளிப்படையாக அறிவிப்பதைக் குறிக்கும் சொல் ஆகும். வருத்தம், அதிருப்தி ஆகியவற்றினும் இது வன்மையானது.

சொற்பிறப்பு

வெட்டுதல், துண்டாக்குதல் எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. "கண்டதுண்டம்" என்னும் வழக்கிலும் இதே வேர் உண்டு. தருக்க நூல்களில் எதிர்வாதத்தை வெட்டிப் பேசுதல் கண்டனம் எனப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இயற்றிய அத்வைத நூலின் பெயர் கண்டனகண்டகாத்தியம். தமிழில் 19ஆம் நூற்றாண்டுச் சமய வாதங்களில் கண்டன நூல்கள் பெருகின. ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரம் (1854) பெயரில் அச்சொல் இல்லாவிடினும் அவ்வகையைச் சார்ந்ததே. பிற்காலத்தில் மறுக்கும் பொருள் மங்கி, கடிந்துரைக்கும் பொருள் மேலோங்கியது.

பயன்பாடு

வினையாக வரும்போது இரண்டாம் வேற்றுமையும், பெயராக வரும்போது நான்காம் வேற்றுமையும் ஏற்கும்.

"செஞ்சிக் கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்கியதைக் கண்டித்தனர்."
"செஞ்சிக் கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்கியதற்குக் கண்டனம் தெரிவித்தனர்."

கண்டிக்கப்படுவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய செயலாக இருத்தல் வேண்டும். நிலநடுக்கத்தைக் கண்டிக்க இயலாது. நிவாரணம் தாமதமானதைக் கண்டிக்கலாம். கொலைக்குக் கண்டனம், இறந்தவருக்கு இரங்கல். இரண்டையும் ஒரே அறிக்கையில் கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். "வன்மையாக" என்னும் அடை அறிக்கைதோறும் வருவதால் வலுவிழந்துவிட்டது எனலாம். "கண்டிப்பு" இதே வினையிலிருந்து பிறந்தாலும் கட்டுப்பாட்டையே பெரிதும் குறிக்கும். "கண்டிப்பாக" என்பதோ "உறுதியாக" என்றாகிவிட்டது.

சட்ட வழக்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் கண்டனம் சிறு தண்டனைகளுள் ஒன்று. வெறும் எச்சரிக்கை தண்டனை ஆகாது. ஆகவே ஆணையில் எச்சொல் உள்ளது என்பது பணியாளருக்கு முக்கியமானது.

இந்திய நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். தனி அமைச்சர் மீதும் கொண்டுவரலாம். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் கூறத் தேவையில்லை. ஆனால் அது அமைச்சரவை முழுவதன் மீதே அமையும், நிறைவேறினால் அமைச்சரவை பதவி விலக வேண்டும்.

அமெரிக்க மேலவை 1954 டிசம்பர் 2 அன்று ஜோசப் மெக்கார்த்தி மீது 67க்கு 22 என்ற வாக்குகளில் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் இறுதி வடிவில் முதலில் முன்மொழியப்பட்ட சொல் நீக்கப்பட்டு, ஏறக்குறைய அதே பொருளுடைய வேறொரு சொல் இடப்பட்டது. தமிழில் அவ்விரண்டுமே கண்டனம்தான்.